சிரிக்காத ஆள்

"சிரிய்யா! வாயைத் தச்சு வெச்சிருக்கியா?"

பிரிவியூ தியேட்டரின் இருட்டில் குனிந்தபடியே கடைசி வரிசைக்கு வந்த இயக்குநர், அங்கே உட்கார்ந்திருந்த அரைக்கை சட்டைக்காரரின் காதில் சீறினார்.

அவர் திருதிருவென்று விழித்தார். "எங்க சார் சிரிக்கணும்?"

"இங்கதான்! மாமனார் ஹெலிகாப்டர்லருந்து விழறாரே, தெரியலை?"

"விழறது தெரியுது. ஆனா டிவியில அவர் நாற்காலியிலருந்துதானே விழுவாரு?"

"அது டிவி. இது சினிமா. பிரம்மாண்டம்!"

அந்தப் பழைய டிவி தொடரில் மொத்தமே ஒரு வீடு, ஒரு சோபா, ஒரு மாமனார், ஒரு மருமகன். அதற்கே ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநர் அதைப் படமாக்கியபோது சோபாவைத் தூக்கிவிட்டு ஹெலிகாப்டரை வைத்தார். கூடவே கொஞ்சம் தத்துவமும் சேர்த்தார். சிரிப்பு மட்டும் எங்கோ வழியில் இறங்கிக்கொண்டுவிட்டது.

இன்று படத்தை வாங்க ஒருவர் வருகிறார் என்று வெளியூரிலிருந்து தயாரிப்பாளர் போன் செய்திருந்தார். "தொழிலுக்குப் புதுசு, ஆனா பெரிய கை. அவரும் வாங்கலைன்னா படம் பெட்டிக்குள்ள போகும். நீங்களும் கூடவே போயிடலாம்."

பெட்டிக்குள் போக மனமில்லாத இயக்குநர், துணை நடிகர் ஏஜென்டிடம் சொல்லி, சிரிப்பதற்கென்றே ஒரு வேன் ஆட்களை இறக்கியிருந்தார். வேறொரு படப்பிடிப்பு முடிந்து நேராக வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே கோட்டும் சூட்டுமாக ஒருவர் நுழைந்ததும் இயக்குநரே ஓடிப்போய், முன்வரிசை சோபாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து, விசிறாத குறையாகக் கவனித்தார்.

வீண்போகவில்லை. கோட்டுக்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமனார் மருத்துவமனையில் உயிரை விடும் காட்சியில் இன்னும் பலமாகச் சிரித்தார்.

இயக்குநருக்குத் தலை சுற்றியது. எழுதும்போது அவரே அழுத காட்சி அது.

"என்னய்யா, சாவுக்குச் சிரிக்கிறாரு?" என்று உதவி இயக்குநரைக் கேட்டார்.

"பிளாக் காமெடி சார். உங்க லெவலைக் கரெக்டாப் புடிச்சுட்டாரு."

"ஆமா, நானும் அப்படி நினைச்சுத்தான் எழுதினேன்" என்று இயக்குநர் தாடியைத் தடவிக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் அரைக்கை சட்டை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் பாய்ந்தார்.

"எங்கே, ஒரு தடவை சிரிச்சுக் காட்டு."

"ஹ... ஹா."

"வயித்துலருந்து வரணும்யா! ஹஹ்ஹஹ்ஹா! இப்படி."

"ஹஹ்ஹா... போதுமா சார்?"

"இதுக்கா வேன் வெச்சுக் கூட்டிட்டு வந்தோம்?"

"நான் வேன்ல வரலையே சார்."

"நடந்தே வந்திருந்தாலும் சிரிக்கணும்!"

பாவம், அதன்பிறகு அந்த ஆள் படம் முடியும்வரை யாரோ கிள்ளிவிட்டது போல விட்டுவிட்டுச் சிரித்தார்.

விளக்கு எரிந்தது. இயக்குநர் கோட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ரசிச்சதே போதும் சார். எத்தனை ஊருக்கு வாங்கிக்கிறதா உத்தேசம்?"

கோட்டுக்காரர் குழம்பிப்போனார். "ஊரா? ஆளை விடுங்க சார், வேன் கிளம்பிடும். காலையில பணக்காரர் வேஷம், அவசரத்துல கோட்டைக் கூடக் கழட்டாம வந்துட்டேன்."

அவர் ஓடிய வழியையே இயக்குநர் வெறித்துக்கொண்டிருக்க, பின்னால் யாரோ தயங்கித் தயங்கித் தோளைத் தொட்டார்கள். அரைக்கை சட்டைக்காரர்.

"தொழிலுக்குப் புதுசுங்க, தெரியாமத்தான் கேக்கறேன். படம் வாங்க வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான் சிரிக்கச் சொல்லிக் குடுப்பீங்களா?"