முப்பத்தொன்றாம் தொகுதியின் மாடியறை

“மாடியில அறை காலியா இருக்கா, வெர்னா?”

கேட்டவர் மெரில் ஹாகன். மாநில செனட்டில் முப்பத்தொன்றாம் தொகுதியின் உறுப்பினர். தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். வெர்னா டாலெஃப்சன் கதவைப் பாதிதான் திறந்தார்.

“உனக்குத்தான் ஏரிக்கரையில அவ்வளவு பெரிய வீடு இருக்கே?”

“வீடு இருக்கு. அது இப்ப தொகுதியில இல்ல. எதிர்க்கட்சிக்காரங்க எல்லையை மாத்தி வரைஞ்சிட்டாங்க. கோடு என் வாசல் ரோட்டோட போகுது. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள தொகுதிக்குள்ள ஒரு விலாசம் காட்டலேன்னா நான் தேர்தல்லயே நிக்க முடியாது.”

“அடப்பாவமே. போன தடவை கோடு போட்டது யாரு?”

மெரில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டது அவர்தான். தன்னை எதிர்த்து நின்ற பள்ளி ஆசிரியரின் வீட்டை மட்டும் அந்தக் கோடு பதவிசாக வெளியே விட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

“உள்ள வா. ஷூவைக் கழட்டு.”

மாடிப்படி நெடுகப் பழைய புகைப்படங்கள். வெர்னா ஒவ்வொன்றாகத் தட்டிக்காட்டியபடி ஏறினார்.

“இவரு லார்ஸ் நைகார்ட். வெண்ணெய் ஆலைக்காரர். செனட்டராகி ஒரே ஒரு ரோடு போட்டாரு, ஆலையிலேர்ந்து அவர் வீட்டுக்கு. ஃப்ளாய்ட் பெக்கர் கோட்டை நகர்த்தி இவரை வெளிய தள்ளினான். பெட்டியோட இங்க வந்தாரு.”

“ஃப்ளாய்ட், சவப்பெட்டி விக்கிறவர்தானே?”

“அவனேதான். பிரசாரமே பண்ணமாட்டான். எழவு வீட்டுலயே எல்லாருக்கும் கை குடுத்துடுவான். அவனை ட்ராக்டர் ஏஜெண்ட் இர்வின் தள்ளிவிட்டான். ஃப்ளாய்டும் இதே அறைக்குத்தான் வந்தான். அப்புறம் இர்வினும்.”

“எல்லாரும் இங்கேயேவா?”

“தொகுதி முதல்ல வாணலி மாதிரி இருந்துச்சு. அப்புறம் பூட்ஸ் மாதிரி. இப்ப பல்லி. என் வீடு மட்டும் வெளிய போனதே இல்ல. கோடு போடுற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும், என்னைக்காவது தானும் இங்க வந்து படுக்கணும்னு. நீயும் விட்டுவச்சல்ல?”

மெரில் தலையாட்டினார். இர்வின் படத்துக்கு அடுத்து வெறும் ஆணி ஒன்று தெரிந்தது. தன் படத்துக்கும் இடம் இருக்கிறது என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

“ஒரே நிபந்தனை,” என்றார் வெர்னா. “உன் தேர்தல் பலகையை என் புல்தரையில நடக்கூடாது.”

“சத்தியமா நடமாட்டேன். நீங்க எந்தப் பக்கமும் சேராதவங்கன்னு ஊருக்கே தெரியுமே. வெர்னா, நீங்க இல்லேன்னா இன்னைக்கு என் கதை முடிஞ்சிருக்கும்.”

“சரி சரி, சாவியைப் பிடி. ருபார்ப் தண்டு வச்ச இனிப்புப் பலகாரம் சுட்டு வச்சிருக்கேன். ஒரு துண்டு தின்னுட்டு ஓடு, தேர்தல் ஆபீசை மூடிடுவாங்க.”

மெரில் ஓடினார். கடைசி நேரத்தில் வேட்புமனுவைக் கொடுத்துவிட்டு, விசிலடித்தபடி புது வீட்டுக்குத் திரும்பினார்.

புல்தரையில் வெர்னா சுத்தியலோடு நின்றிருந்தார். புத்தம்புதுப் பலகை ஒன்று பாதி இறங்கியிருந்தது. ‘மாநில செனட்டுக்கு வெர்னா டாலெஃப்சன்.’

மெரில் பலகையை இரண்டு தடவை படித்தார்.

“நான் காலையிலயே மனு குடுத்துட்டேன்,” என்றார் வெர்னா. “எதிர்த்து நிக்க ஒரு ஆள் இல்லாம சப்புன்னு இருந்துச்சு. நல்லவேளை, நீ வந்த. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி, பலகை சாயுது. அப்படியே உன் போட்டோ நல்லதா ஒண்ணு எடுத்து வை. அந்த ஆணியை உனக்காகத்தான் நேத்து அடிச்சேன்.”