எட்டு மில்லி ஓட்டை

"மிஷினுக்கு அடியில என்ன இருக்குன்னு காட்டுங்க பாய். மூட்டையில மேலாப்புல நல்ல காயைப் போட்டு, அடியில சொத்தையை வச்சுக் கட்டுற ஆளுகளை நான் நெறையப் பார்த்தவன்."

கோட்டைச்சாமி இப்படிச் சொன்னதும் காமராஜுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. வாங்க வந்தது ஏலக்காய் அல்ல. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் குடையும் சிஎன்சி மில்லிங் மிஷின்.

போடியில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவன் காமராஜ். மலைத்தோட்டக்காரர்கள் மருந்தடிக்கும் பம்புக்கு உதிரி பாகம் கேட்டு வருவார்கள். இவன் கையால் கடைந்து முடிப்பதற்குள் பொறுமை இழந்து கோயம்புத்தூருக்குப் போய்விடுவார்கள். இந்த மிஷின் வந்தால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

கம்பம் ஊரில் பட்டறை வைத்திருக்கும் கலீபுல்லா பழைய மிஷின் ஒன்றை விற்கிறார் என்று தெரிந்தது. காமராஜுக்குப் பாதிப் பணம்தான் தேறியது. மீதியைப் போட்டது அவன் மனைவி பொற்கொடியின் அண்ணன், ஏலக்காய் வியாபாரி கோட்டைச்சாமி. பணத்தோடு தானும் வண்டியேறி வந்துவிட்டார்.

வந்தவர் மிஷினை மூன்று சுற்று சுற்றினார். விலாவில் தட்டினார். ஆயிலைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"இது எத்தனாவது பறிப்பு?"

கலீபுல்லா விழித்தார்.

"மச்சான், இது செடி இல்ல," என்றான் காமராஜ் மெதுவாக.

"நீ சும்மா இரு மாப்ளே. பாதிப் பணம் என்னுது. பாதி வாயும் என்னுதுதான்."

துண்டை நனைத்து, மிஷினின் பச்சைப் பெயிண்டை அழுத்தித் தேய்த்தார். காயில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். துண்டில் பச்சை ஒட்டவில்லை. அதில் அவருக்கு ரொம்ப ஏமாற்றம். பிறகு டார்ச்சோடு மிஷினுக்கு அடியில் ஊர்ந்து போய், வேட்டியெல்லாம் கிரீஸும் கையில் ஒரு ஸ்பேனருமாக வெளியே வந்தார்.

"பாத்தியா மாப்ளே, எடை கூட்டுறதுக்கு இரும்பைப் போட்டு வச்சிருக்காக!"

"அட, இதைத்தாண்ணே ரெண்டு வருசமாத் தேடுறேன்," என்று கலீபுல்லா ஆசையாக வாங்கிக்கொண்டார்.

"சரி, எட்டு மில்லியில ஒரு ஓட்டை போடுங்க, பாப்போம்."

கலீபுல்லா தகட்டை மாட்டிப் பட்டனைத் தட்டினார். மிஷின் லேசாக முனகிவிட்டு ஓட்டை போட்டது. அவர் வெர்னியரை வைத்து அளந்து காட்டினார். "பாருங்கண்ணே. எட்டு."

"அதை உள்ள வைங்க. கருவி பொய் சொல்லும், காய் பொய் சொல்லாது." சட்டைப் பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்தார் கோட்டைச்சாமி. "அசல் எட்டு மில்லிக் காய். மூணு மாசமா இந்தப் பையிலதான் இருக்கு. எட்டு மில்லி ஓட்டையில இது நிக்கணும்."

காய் நிற்கவில்லை. பொத்தென்று கீழே விழுந்தது.

"ஓட்டை பெருசு! ஏமாத்து மிஷினு!"

"மூணு மாசத்துல காய் வத்தியிருக்கும்ணே."

"என் காயவா குறை சொல்றீக? மலையில இருந்து ஏழைபாழைக மூட்டையைச் சுமந்து கொண்டாந்து எங்கிட்டக் குடுக்குறாக. சல்லடையில நின்னா பெரிய காய் விலை, விழுந்தா பொடிக்காய் விலை. ஓட்டை இம்மி பெருசானா அவுக வயித்துல அடிச்ச மாதிரி பாய்!"

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெர்னியர் சரியாக எட்டைக் காட்டியதைக் காமராஜ் பார்த்திருந்தான். சொல்லியிருக்கலாம். சொன்னால் விலை குறையாது. வாயை மூடிக்கொண்டு நின்றான்.

கலீபுல்லா பெருமூச்சு விட்டு, கோட்டைச்சாமி கேட்ட குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டார். மிஷினை லாரியில் ஏற்றும்போது காமராஜால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுவாரம் பட்டறையில் மிஷினுக்குப் பொற்கொடி சந்தனம் குங்குமம் வைத்து முடிப்பதற்குள், கோட்டைச்சாமி ஓர் அலுமினியத் தகட்டோடு வந்து நின்றார்.

"முதல் சோலி என்னுதுதான் மாப்ளே. சல்லடை. வெரசா முடி."

"எத்தனை மில்லி மச்சான்?"

கோட்டைச்சாமி வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"ஓரத்துல எட்டுன்னு பொறிச்சிரு. ஓட்டையை எட்டேகாலாப் போடு."

காமராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏழைபாழை வயிறுன்னு கண்ணு கலங்குனீங்களே மச்சான்?"

"அது மிஷினு வாங்குறப்ப. இது வியாபாரம். முடியாதுன்னா சொல்லு, மிஷினுல என் பாதியை அறுத்து எடுத்துக்கிறேன்."

காமராஜ் மிஷினைப் பார்த்தான். மூட்டை கொண்டுவரும் அதே ஆட்கள்தான் ரிப்பேரான பம்பை இவனிடமும் தூக்கி வருகிறவர்கள். ஓட்டையின் அளவை அதில் அடித்துப் பட்டனைத் தட்டினான்.

கோட்டைச்சாமி இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் சல்லடை தயார். பையிலிருந்து அதே காயை எடுத்து ஓர் ஓட்டையில் வைத்தார். பொத்தென்று விழுந்தது.

"பாத்தியா! எட்டேகால்னா எட்டேகால்! நான் சொல்லல, காய் பொய் சொல்லாது!"

சல்லடையைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவையும் காமராஜ் வாயைத் திறக்கவில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் கம்பத்துக்குப் போன் போட்டான்.

"பாய், இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க மிஷின் மேல ஒரு குறையும் இல்ல. இன்னைக்கு இருநூறு ஓட்டை போட்டேன். இருநூறும் சரியா எட்டு."