ஜன்னல் கம்பியில் படித்த மைனா

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஜன்னலுக்கு மேலே இரண்டு மைனாக்கள் கூடு கட்டியிருந்தன.

"முட்டைங்களைப் பார்த்துக்கோங்க, இரை கொண்டு வந்துடறேன்" என்று பெண் மைனா பறந்தது.

ஆண் மைனா வழக்கம்போல ஜன்னல் கம்பிக்கு இறங்கிவிட்டது. உள்ளே டீச்சர், "லுக் ஆஃப்டர்னா கவனிச்சுக்கறது, லுக் ஃபார்னா தேடறது" என்றார்.

பக்கத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. "என்னண்ணே படிக்கிறீங்க?"

"ஐ லுக் ஆஃப்டர் மை எக்ஸ். என் முட்டைகளை நான் கவனிச்சுக்கறேன்னு அர்த்தம்."

"அடடா! கண்ணை மூடி நாலு தடவை சொன்னாத்தான் மனசுல நிக்கும்ணே."

மைனா கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. திறந்தபோது காக்கையைக் காணோம்.

இரையோடு வந்த பெண் மைனா காலிக் கூட்டைப் பார்த்து அலறியது. "முட்டைங்க எங்கே?"

ஆண் மைனா சுற்றுமுற்றும் பார்த்தது.

"ஐ ஆம் லுக்கிங் ஃபார் மை எக்ஸ்."

வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.