எழுதிக்கொடுத்த நயப்புரை

மேடையில் முதல் சொல்லே தடுமாறிவிட்டால்? ஊர்காவற்றுறை மண்டபத்தின் முன்வரிசையில் தர்சினிக்கு வியர்த்தது. இன்றைய புத்தக வெளியீட்டில், இந்தத் தீவின் சாதாரண வாசகி என்ற முறையில் அவள்தான் நயப்புரை சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கதிரையில் இருந்த நூலாசிரியரான பேராசிரியர் ஒரு தாளை நீட்டினார்.

“பயப்பிடாதையும். நீர் பேச வேண்டியதை நானே எழுதிப்போட்டன்.”

“புத்தகம் முழுக்க வாசிச்சனான், சேர். எனக்கும் சொல்ல இருக்கு.”

“அதை வீட்டில சொல்லும். இதில ‘கண் கலங்கினேன்’ எண்ட இடத்தில மட்டும் கொஞ்சம் நிப்பாட்டும்.”

“எனக்குக் கண் கலங்கேல்லையே?”

“வாசியும், கலங்கும்.”

ஒலிபெருக்கி அழைத்தது: “அடுத்து, பேராசிரியரின் ‘தீவகப் பெண்களின் சொந்தக் குரல்’ என்ற நூலுக்கு வாசகி தர்சினியின் நயப்புரை.”

எழுந்தவள் தாளை அவருடைய மடியில் மெதுவாக வைத்தாள்.

“இதை வாசிக்க ஏலாது, சேர்.”