இன்னொன்று

"இதோ துடிப்பு, அக்கா!" என்று ஸ்கேன் எடுக்கும் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள்.

கருப்பைக்குள் அரிசிமணி அளவுக்கு ஒரு வெளிச்சம். அதன் நடுவே விடாத மினுக்கல்.

ஆறு வருடக் காத்திருப்பு. மூன்றாம் முறை சிகிச்சை. ஏழாவது வாரம்.

தலைமாட்டில் நின்ற கணவர் என் கையை விட்டார். விட்ட பிறகுதான் எவ்வளவு இறுக்கியிருந்தார் என்பது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் கருவியை வெளியே எடுக்கப் போனாள்.

"எடுக்காதேம்மா. ரெண்டு கரு வச்சாங்க. இன்னொண்ணு?"

"பேராசையைப் பாரு இவளுக்கு!" கணவர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். "ரெண்டு வச்சா ஒண்ணுதான் தங்கும். உங்களுக்குத் தெரியாததாக்கா?"

"இடது ஓரம் பாரு."

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். அந்த மினுக்கலோடு ஒரு சாயங்காலமாவது நிம்மதியாக இருந்திருக்கலாம்.

என் குரலில் என்ன இருந்ததோ, அவள் சிரிப்பை விட்டுவிட்டுக் கருவியைச் சாய்த்தாள்.

சினைப்பை தெரிந்தது. அதை ஒட்டிக் கருக்குழாய்.

அவள் கை நின்றது.

பொத்தான் ஒருமுறை சொடுக்கியது. மறுபடியும் ஒருமுறை. அளக்கிறாள்.

பிறகு திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குழாயிலதானே?"

தலையை மட்டும் அசைத்தாள்.

"துடிக்குதா?"

அதற்கும் தலைதான் அசைந்தது.

இன்றே அந்தக் குழாயை எடுத்துவிட்டால் கருப்பையில் இருப்பது பிழைக்கலாம். குழாய் வெடித்தால் அதுவும் இல்லை, நானும் இல்லை.

"டாக்டரைக் கூப்பிடு."

அவள் ஓடினாள்.

"என்னடி, நிஜமாவே இன்னொண்ணு இருக்கா?" கணவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் எழுந்து போன ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடங்களாக நான் வேலை பார்க்கும் ஸ்டூல்.

போன மாதம் இதே படுக்கையில் படுத்திருந்த ஒருத்தியும் இன்னொன்றைப் பற்றிக் கேட்டாள். ரெண்டு வச்சா ஒண்ணுதான் தங்கும் என்று சிரித்துக்கொண்டே கருவியை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.