துணிக்கு அடியில் ஒரு கை

"உள்ளங்கையில ஒரு மோதிரம் இருக்கறது, பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியக்கூடாது மாஸ்டர். அது மட்டும் கத்துக்கொடுத்தாப் போதும்."

புதிதாக வந்தவள் இப்படிக் கேட்டதும் டெய்லர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அவருடைய தையல் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சீட்டு வித்தை பழக ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். டெய்லரே இதில் தற்செயலாக விழுந்தவர்தான். கத்தரி பிடித்து மரத்துப்போன விரல்களுக்கு வேறு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லப்போக, ஒரு சீட்டுக்கட்டு வாங்கினார். ஆறே மாதத்தில் ஒற்றைக் கையால் சீட்டுக்கட்டை விசிறி மாதிரி விரித்தார். அதன்பின் தைக்கக் கொடுத்தவர்களுக்குத்தான் துணி நேரத்துக்கு வரவில்லை.

மற்றவர்களும் அப்படித்தான். ஒருவர் சிகரெட்டை விட வந்தவர். இன்னொருவர் ரிட்டயர் ஆனபின் மனைவியின் தொல்லை தாங்காமல் வந்தவர். மாமனார் வீட்டில் பெயர் வாங்க வந்த மாப்பிள்ளை ஒருவரும் உண்டு.

இவள் மட்டும் சீட்டைத் தொடவே இல்லை. எங்கே வேலை என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

டெய்லர் சொல்லிக்கொடுத்தார். சின்னப் பொருளை உள்ளங்கை மடிப்பில் எப்படிப் பிடிப்பது, ஒன்றை உருவிவிட்டு அதே மாதிரி இன்னொன்றை அங்கே எப்படி வைப்பது, எல்லாம். அவள் கையைத் திருத்தும்போதெல்லாம் அது ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பை அவளும் செய்தாள். கையில் பொருள் இருந்தால் கட்டைவிரல் விறைத்துக்கொண்டு தனியாக நிற்கும்.

"அந்தக் கட்டைவிரல்தாம்மா காட்டிக்கொடுக்கும்" என்று டெய்லர் தலைபாடாக அடித்துக்கொண்டார். விரல் கேட்கவில்லை.

நாலாவது வாரம் டெய்லர் மாடியேறியபோது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். துணி வெட்டும் மேஜையில் ஷோகேஸ் பொம்மையைப் படுக்கவைத்து, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். துணிக்கு அடியில் கையை விட்டு, யாரையோ சமாதானப்படுத்துவது போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் விரலை விடுங்கய்யா. ஒரே நிமிஷம். ஆச்சு."

டெய்லர், யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார்.

"பழக்கம் மாஸ்டர்" என்றாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. டெய்லரும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அடுத்த மாதம் டெய்லரின் அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காலையிலிருந்து அங்கே எல்லா வேலையையும், உடலைப் பிணவறையில் கொண்டுபோய் விட்டது உட்பட, டெய்லரின் தம்பிதான் இழுத்துப்போட்டுச் செய்தார். டெய்லர் அண்ணியை அழைத்துக்கொண்டு பிணவறைக்குப் போனபோது மணி மூன்று.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "நான் போட்டுவிட்ட மோதிரம் அவர் கையோடவே போகணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

தம்பி டெய்லரின் காதருகே குனிந்தார். "அண்ணா, இங்க வேலை செய்யறவங்களை நம்ப முடியாது. விரல்ல இருக்கறதையே உருவிடுவாங்க. கண்ணை எடுக்காம பாருங்க."

கதவு திறந்தது. கையில் நோட்டுப் புத்தகத்துடன் நின்றவள், அவள்.

டெய்லருக்குப் பொம்மை, வெள்ளைத் துணி, மோதிரம், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. ஒரு திருடிக்கு உட்காரவைத்துப் பாடம் எடுத்திருக்கிறோமே என்று குமைந்தார்.

அவள் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. வரிசையாக வெள்ளைத் துணி மூடிய உருவங்கள். ஏதோ ஒன்றின் துணி லேசாக அசைந்தது போலிருந்தது. மின்விசிறிதான் என்று டெய்லர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேலே பார்த்தார். அந்த அறையில் மின்விசிறியே இல்லை.

அவள் தம்பியிடம் கையெழுத்து வாங்கினாள். நோட்டை வாங்கும்போது தடுமாறி அவர்மேல் மோதிவிட்டு, மன்னிப்புக் கேட்டாள். தம்பி முகத்தைச் சுளித்துச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பிறகு அவள் அண்ணன் உடலை நோக்கி நடந்தாள். அவளுடைய வலது கட்டைவிரல் விறைத்து நின்றது. டெய்லர் அதைப் பார்த்துவிட்டார். கையில் ஏதோ இருக்கிறது. போலி மோதிரம். நல்லதை உருவிவிட்டு இதை மாட்டப்போகிறாள்.

அவள் கை துணிக்கு அடியில் போனது.

"கொஞ்சம் விரலை விடுங்கய்யா" என்றாள், பிணத்திடம். "ஒரே நிமிஷம்."

டெய்லர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"கையைத் திற."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் தம்பி.

அவள் ஒவ்வொரு விரலாகத் திறந்தாள். கை காலி. இடது கையையும் விரித்துக் காட்டினாள். அதுவும் காலி.

அண்ணி துணியை விலக்கினாள். அண்ணன் விரலில் மோதிரம் இருந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தவள், "இதேதான், எங்க ரெண்டு பேரோட முதல் எழுத்தும் இருக்கு" என்று சொல்லி அழுதாள்.

ஆனால் மோதிரம் முழுதாக இறங்காமல் விரலின் நடுமூட்டிலேயே நின்றது. இப்போதுதான், அவசரத்தில், யாரோ மாட்டியது.

"மன்னிச்சிருங்க மாஸ்டர், கட்டைவிரல் இன்னும் பழகலை" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

உருவ வரவில்லை, போடத்தான் வந்திருக்கிறாள். அப்படியானால் இத்தனை நேரம் அது எங்கே இருந்தது? டெய்லர் ஒன்றும் புரியாமல் திரும்பினார்.

தம்பி தன் சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.