டோனல் பாட்டு

டப்ளின் மதுக்கடையில் மாலக்கி பாடி முடித்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அவனுடைய புரட்சிப் பாட்டு இசைத்தட்டு அப்போதுதான் வெளிவந்து, வீட்டுக்கு வீடு ஒலித்துக்கொண்டிருந்தது.

கறுப்புக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி மேடையருகே வந்தாள். பேச்சில் வட அயர்லாந்துச் சாயல்.

"டோனல் பாட்டை இனிமே பாடாதே தம்பி."

வடக்கே டெர்ரி நகரில் பிரிட்டிஷ் பட்டாளத்தோடு மோதிச் செத்த டோனலைப் பற்றி மாலக்கியே எழுதிய பாட்டு அது. அதற்குத்தான் மவுசு அதிகம்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் அங்க பிரிட்டிஷ்காரன் போலீசா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இல்லப்பா."

"அப்புறம் என்ன? குத்துதுன்னா காதைப் பொத்திக்குங்க. டோனல் நம்ம பிள்ளை. நாங்க பாடாம யாரு பாடுவா?"

"அவன் என் பிள்ளை," என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது. மாலக்கி கிடாரைக் கீழே வைத்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. ஆனா பெருமையாத்தானே பாடுறேன்?"

"பெருமையாத்தான் பாடுற. அதைக் கேட்டுக் கேட்டே என் சின்னவன் டெக்லனும் துப்பாக்கி தூக்கப் போயிட்டான். 'அண்ணனுக்கு வந்த மாதிரி எனக்கும் ஒரு பாட்டு வரும்மா'ன்னு சொல்லிட்டுப் போனான்."

அதன்பிறகு மாலக்கி அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. விற்றுப்போன தட்டுகளைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை.

குளிர்காலத்தில் டெர்ரி கல்லறைத் தோட்டத்துக்கு டெக்லனின் சவப்பெட்டி வந்தது. கூட்டம் அதே பாட்டைப் பாடியது, டோனல் என்ற இடத்தில் டெக்லன் என்று மாற்றி. கடைசி வரிசையில் வாய் திறக்காமல் நின்ற மாலக்கியைப் பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார்.

"பாடுப்பா, உன் பாட்டுதானே?"